பீங்கான் தட்டுக்கும் பெயர் வெட்டுவோம்

பாத்திரக் கடை நடத்தும் நம் உறுப்பினர் எவருடைய கடைக்குப் போனாலும் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் பெயர் வெட்டும் மெஷின் ஒன்று இருக்கும். மெஷின் வருவதற்கு முன் சிற்றுளியும் சுத்தியலும் இருந்தன. கல்யாணச் சீர் வரிசைக் குடமானாலும் கோவிலுக்குக் கொடுக்கும் அண்டாவானாலும் பெயர் வெட்டாமல் கடைப்படி இறங்கியதில்லை. டீக்கடைக்காரர் மூன்று டஜன் டம்ளர் வாங்கினால், "அண்ணே, அப்படியே கடைப் பேரையும் வெட்டிக் குடுத்துருங்க" என்றுதான் பணத்தை எடுப்பார். செட்டிநாட்டுப் பக்கம் கேட்கவே வேண்டாம். கரண்டிக்குக்கூட விலாசம் வெட்டி வைத்த குடும்பங்கள் அங்கே உண்டு.

இந்த நல்ல வழக்கத்தை நாம் பித்தளையோடும் எவர்சில்வரோடும் நிறுத்திக் கொண்டுவிட்டோம். பீங்கான் என்று வந்துவிட்டால், அட்டைப் பெட்டியில் வந்ததை அட்டைப் பெட்டியோடு விற்கிறோம். ரோஜாப்பூப் போட்ட தட்டு வந்தால் ரோஜாப்பூ, நீலக் கோடு போட்டது வந்தால் நீலக் கோடு. வாங்குகிறவருக்கு என்ன தேவை என்று கேட்கும் பழக்கமே இந்தச் சரக்கில் நமக்கு வரவில்லை.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். கம்பத்தில் பஸ் ஏறி லோயர் கேம்ப் தாண்டி மலையேறினால் குமுளி. குமுளியிலும் தேக்கடியிலும் உள்ள ரிசார்ட்டுகள், ரெஸ்டாரெண்டுகள், பார்கள் இவற்றில் சாப்பாடு வரும் தட்டைத் திருப்பிப் பாருங்கள். நாம் சென்ற சில மாதங்களில் வேலையாகப் போன இடங்களில் எல்லாம் திருப்பிப் பார்த்தோம். (பார்த்த சர்வர்கள் நம்மை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள்.) பாதிக்கு மேல் அந்தந்தக் கடைக்கென்றே சொல்லிச் செய்த தட்டு, கிண்ணம், கோப்பை. சாம்பல் நிறம், கரும்பச்சை, விளிம்பில் மிளகுக்கொடி, ஏலக்காய்க் கொத்து என்று ஒவ்வொன்றும் ஒரு விதம். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டால் கொச்சி என்கிறார்கள், டில்லி என்கிறார்கள், கைபேசியில் படம் பார்த்து வரவழைத்தோம் என்கிறார்கள். அரிசியும் காய்கறியும் வாழை இலையும் நம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறிப் போகின்றன. தட்டு மட்டும் நம் தலைக்கு மேல் பறந்து போகிறது. காமயகவுண்டன்பட்டியிலிருந்து கூடலூர் வரை எத்தனை பாத்திரக் கடைகள் இருக்கின்றன என்பதை உறுப்பினர்களே எண்ணிக் கொள்ளட்டும்.

சொல்லிச் செய்வது என்பது புதுப்பழக்கம் ஒன்றும் அல்ல. இங்கிலாந்தில் ஜோசையா வெட்ஜ்வுட் என்ற பீங்கான் வியாபாரிக்கு 1773ல் ருஷ்ய அரசி காத்தரின் ஓர் ஆர்டர் கொடுத்தார். 50 பேர் உட்கார்ந்து சாப்பிடும் விருந்துக்கான தட்டுமுட்டுகள், 900 உருப்படிகளுக்கு மேல். அரண்மனை கட்டிய இடத்துக்குத் தவளைச் சதுப்பு என்று பெயராம். அதனால் ஒவ்வொரு உருப்படியிலும் ஒரு பச்சைத் தவளை வரைய வேண்டும், கூடவே இங்கிலாந்து தேசத்துக் காட்சி ஒன்றும் வரைய வேண்டும், ஒன்றில் வந்த காட்சி இன்னொன்றில் வரக்கூடாது. அந்த ஆர்டரில் வெட்ஜ்வுட்டுக்கு மிச்சம் அதிகமில்லை. ஆனால் அந்த மனிதர் வியாபாரி. சரக்கைக் கப்பலில் ஏற்றுவதற்கு முன் 1774ல் லண்டனில் தம் கடையில் பரப்பி வைத்தார். ஊரே திரண்டு வந்து பார்த்தது. அரசி வாங்கும் கடை என்று பெயர் வந்த பிறகு மற்ற வியாபாரம் தானே வந்தது.

அது அரசர்கள் காலம். இந்தக் காலத்தில் டென்மார்க் தேசத்து நோமா என்ற ரெஸ்டாரெண்டு போன்ற பெரிய இடங்கள் கையால் செய்த கரடுமுரடான தட்டுகளை மேஜைக்குக் கொண்டுவந்த பிறகு, உலகம் முழுவதும் சமையல்காரர்கள் தட்டையும் சமையலில் ஒரு பகுதியாக நினைக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தக் காற்றுதான் பம்பாய், பெங்களூர் வழியாகக் குமுளி வரை வந்திருக்கிறது. காற்று திரும்பலாம். ஆனால் தம் கடைக்கென்று தனித் தட்டு வேண்டும் என்ற ஆசை ஓட்டல்காரருக்குப் போகாது. டம்ளரில் பெயர் வெட்டிய டீக்கடைக்காரருக்கு இருந்த அதே ஆசைதான் அது.

நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. பாண்டிச்சேரியில் 1971ல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரு அமெரிக்கர்கள் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற பட்டறையைத் தொடங்கினார்கள். அந்த வட்டாரத்தில் அதற்கு முன் பானை செய்வோர் உண்டு, உயர்ந்த சூட்டில் சுடும் ஸ்டோன்வேர் செய்வோர் கிடையாது. சுற்றுப்புற ஊர்க்காரர்கள் அங்கே வேலைக்குச் சேர்ந்து தொழில் படித்தார்கள். நாட்டின் பல பாகங்களிலிருந்தும் மாணவர்கள் வந்து கற்றுப் போனார்கள். இன்று பாண்டிச்சேரி, ஆரோவில் வட்டாரத்தில் இருக்கும் பட்டறைகள் பலவற்றின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஓட்டல்களுக்குச் சொல்லிச் செய்து கொடுப்பது அவற்றின் வரவில் ஒரு பங்கு. ஐம்பது வருஷத்தில் ஒரு பட்டறை ஓர் ஊருக்கே புதுச் சரக்கு ஒன்றை உண்டாக்கிவிட்டது.

உடனே, நாமும் இங்கே சூளை போடுவோம் என்று கிளம்பக் கூடாது. இதை வெளிப்படையாகவே சொல்கிறோம். நம் பகுதியில் கிடைப்பது செம்மண்ணும் கண்மாய் மண்ணும். அதில் பானை செய்யலாம், சட்டி செய்யலாம். ஆயிரம் டிகிரிக்குள் சுடுகிற அந்த மண் நீரையும் எண்ணெயையும் உறிஞ்சும். வீட்டில் மீன்குழம்புச் சட்டிக்கு அதுவே ருசி. ஆனால் ஒரே நாளில் பத்துப் பேர் சாப்பிட்டுக் கழுவி வைக்கும் தட்டுக்கு ஆகாது. ஸ்டோன்வேர் என்பது 1200 டிகிரிக்கு மேல், 1300 டிகிரி வரை சுடுவது. அந்தச் சூட்டில் மண் உருகிப் பிடித்துக் கல்லாகிவிடும், தண்ணீர் உள்ளே இறங்காது. அதற்கான வெள்ளைக் களிமண் நெய்வேலிப் பக்கம் கிடைக்கிறது. அதனால்தான் விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும் அரசின் பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரியும் வந்தன. வடக்கே உத்தரப்பிரதேசத்தில் குர்ஜா என்ற ஊர் முழுவதும் இதே தொழில்தான். கப்பும் சாசரும் ஊறுகாய் ஜாடியும் அங்கிருந்து லாரி லாரியாக வருவதை மொத்த வியாபாரிகள் அறிவார்கள். செய்கிறவர்கள் செய்யட்டும். நமக்கு உரிய இடம் ஓட்டல்காரருக்கும் பட்டறைக்கும் நடுவில் இருக்கிறது. அந்த இடத்தில் நிற்பதற்கு நாம் கொஞ்சம் படிக்க வேண்டும்.

படிக்காமல் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு நாமே சாட்சி. சில வருஷங்களுக்கு முன் மலைமேல் உள்ள ஒரு ரெஸ்டாரெண்டுக்கு 20 டஜன் தட்டு ஆர்டர் பிடித்தோம். பத்து அங்குலத் தட்டு, விளிம்பில் மிளகுக்கொடி. தட்டின் நடுவே வட்டமாக வெட்டிய வாழை இலையைப் போட்டுப் பரிமாறுவது அவர்கள் வழக்கம். படம் வரைந்து, "10 அங்குலம்" என்று எழுதி ஒரு பட்டறைக்கு அனுப்பினோம். சரக்கு வந்தது. பெட்டியைப் பிரித்தால் ஒவ்வொரு தட்டும் ஒன்பது அங்குலத்துக்கும் குறைவு! பச்சை மண்ணில் பத்து அங்குலம் வைத்துச் செய்து, சுட்டு அனுப்பியிருக்கிறார்கள். மண் காயும்போதும் சுடும்போதும் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை சுருங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். "சுட்ட பிறகு பத்து அங்குலம்" என்று எழுத வேண்டும் என்பது நமக்குத் தெரியாது. நூற்றுக்குப் பன்னிரண்டு சுருங்கும் மண் என்றால், பச்சையில் ஏறக்குறைய பதினொன்றே கால், பதினொன்றரை அங்குலம் வைத்தால்தான் சுட்ட பின் பத்து நிற்கும். இலை தட்டுக்கு வெளியே துருத்திக் கொண்டு நின்றது. ஓட்டல்காரர் சரக்கைத் தொடவில்லை. அவர்மேல் குற்றமில்லை. எழுதிய தாள் நம்முடையது. அந்த 240 தட்டும் இரண்டு வருஷம் நம் குடோனில் கிடந்து, கடைசியில் வந்த விலைக்குப் போயின.

அந்த இரண்டு வருஷத்தில் விசாரித்துத் தெரிந்து கொண்டவற்றில் சிலவற்றை இங்கே சொல்கிறோம். ஆர்டர் எடுக்குமுன் ஓட்டல்காரரின் மேஜையை அளக்க வேண்டும். இரண்டடிக்கு இரண்டடி மேஜையில் எதிரெதிராக இரண்டு பன்னிரண்டு அங்குலத் தட்டு வைத்தால், கணக்குப்படியே நடுவில் தண்ணீர் டம்ளர் வைக்க இடம் இல்லை. அடுக்கி வைக்கும் அலமாரியையும் அளக்க வேண்டும். கையால் சக்கரத்தில் செய்த தட்டு ஒன்றுக்கொன்று சிறிது மாறும். அதுதான் அதன் அழகு என்பார்கள். உண்மைதான், ஆனால் முப்பது தட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது அந்த அழகு சாய்ந்து விழும். அதிகம் புழங்கும் கடைக்கு அச்சில் வார்த்த தட்டே நல்லது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு ஒன்றில் நூறு உருப்படிக்குள் வார்த்தாலே அது தேய்ந்து போகும் என்பதால், அச்சுக்கூலி யார் கணக்கு என்பதை முதலிலேயே பேசிவிட வேண்டும். விளிம்பு சற்றுத் தடித்து உருண்டிருந்தால் சில்லுப் பெயராது. அடிவட்டத்தை நன்றாகத் தேய்த்து வழவழப்பாக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடி மேஜையும் போய்விடும், அடுக்கும்போது கீழ்த் தட்டின் பளபளப்பும் போய்விடும்.

கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சு விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். நம் சாப்பாடு புளி, எலுமிச்சை, தயிர், ரசம். சரியில்லாத பூச்சிலும் வர்ணத்திலும் ஈயமும் காட்மியமும் இருந்தால் புளிப்பில் அது கசிந்து சோற்றில் இறங்கும். ஆய்வுக்கூடத்தில் நூற்றுக்கு நான்கு பங்கு வினிகர்க் காடியை ஊற்றி 24 மணி நேரம் வைத்துச் சோதிக்கிறார்கள். அந்தச் சான்றைப் பட்டறையில் கேட்டு வாங்குவது நம் கடமை. கடையிலேயே முதல் பார்வைக்கு ஒரு வழி உண்டு. மாதிரித் தட்டில் எலுமிச்சைச் சாறு விட்டு இரவு முழுவதும் வைத்து, காலையில் துடைத்துப் பாருங்கள். நிறம் மங்கியிருந்தால் அந்தப் பட்டறைக்கு ஒரு கும்பிடு. நிறம் மங்கவில்லை என்பதால் மட்டும் ஈயம் இல்லை என்று ஆகிவிடாது. சான்று வேண்டும்தான்.

சைவ ஓட்டல்களுக்கு விற்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். போன் சைனா என்ற பெயரிலேயே எலும்பு இருக்கிறது. மாட்டெலும்பைச் சுட்டுப் பொடித்த சாம்பல் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், சில சரக்கில் பாதி வரைகூடச் சேருகிறது. வெண்மைக்கும் லேசுக்கும் அதுவே காரணம். தெரியாமல் விற்றுவிட்டுப் பிறகு வாடிக்கையாளர் தெரிந்து கொண்டால் நம் முகத்தில் விழிப்பாரா? கேட்கவில்லையே என்று நாம் சொல்ல முடியாது. எலும்பு சேராத பீங்கானும் ஸ்டோன்வேரும் தாராளமாகக் கிடைக்கின்றன.

பார்களின் கணக்கு வேறு. அங்கே வேண்டியவை சுண்டலுக்கும் கடலைக்கும் வறுவலுக்கும் சிறிய கிண்ணங்கள். கை தட்டினாலும் கவிழாதபடி அடி கனமாக இருக்க வேண்டும், ஈர மேஜையில் வழுக்கக் கூடாது. முன்பெல்லாம் ஓட்டல் பெயர் போட்ட பீங்கான் ஆஷ்ட்ரேதான் பார்களுக்குச் சொல்லிச் செய்யும் சரக்கில் முதலாவது. 2008 அக்டோபர் 2ந் தேதி பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை வந்ததும் அந்தச் சரக்கு படுத்துவிட்டது. அதற்காக யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் முதல் ஆர்டர் பற்றியது. அதை டில்லிக்காரரும் எடுப்பார், கைபேசிக் கம்பெனியும் எடுக்கும். நமக்கு வேலை இருப்பது இரண்டாவது ஆர்டரில். ஒரு ஓட்டல் 200 தட்டு வாங்குகிறது என்று வைத்துக் கொள்வோம். மாதத்துக்கு ஐந்து உடைந்தால் ஒரு வருஷத்தில் 60 தட்டு போய்விடும். அந்த 60க்காகப் பட்டறையில் அச்சை எடுக்க மாட்டார்கள். எடுத்தாலும் அடுத்த சூளை, அடுத்த மாதம், நிறம் ஒரு மாற்றுக் குறைவு. ஓட்டல்காரர் கையில் கிடைத்ததை வாங்கிச் சேர்ப்பார். இரண்டாம் வருஷம் பார்த்தால் மேஜைக்கு ஒரு தட்டு, ஆளுக்கு ஒரு நிறம். குமுளியில் நாம் பேசிய ஓட்டல்காரர்கள் எல்லோரிடமும் கேட்ட புலம்பல் இது ஒன்றுதான். விலையைப் பற்றி யாரும் அவ்வளவு பேசவில்லை.

உடைந்ததற்கு மறுநாளே ஈடு கொடுக்கக் கூடியவர் பக்கத்தில் இருக்கும் கடைக்காரர் ஒருவர்தான். அதற்கு அவர் சரக்கு இருப்பு வைக்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டலின் தட்டையும் தனித்தனியாக எண்பது, நூறு என்று வாங்கி அடுக்கினால் முதல் முடங்கிப் போகும் என்பது நமக்குத் தெரியாததல்ல. ஓட்டல் மூடிவிட்டால் அந்தத் தட்டுக்கு வேறு கிராக்கி கிடையாது, நம் 240 தட்டின் கதைதான்.

ஆகவே நாம் யோசித்த வழி இது. பள்ளத்தாக்கின் பாத்திர வியாபாரிகள் ஒன்று சேர்ந்து, ஐந்தாறு உருவங்களை மட்டும் முடிவு செய்து கொள்வோம். இலை அளவுக்கு ஏற்ற ஒரு தட்டு, பரோட்டா சால்னாவுக்கு விளிம்பு தூக்கிய ஒரு தட்டு, இட்லி சாம்பாருக்குக் குழிவான ஒன்று, பிரியாணிக் கிண்ணம், பார்க் கிண்ணம், சுக்குக் காபிக் கோப்பை. எல்லாம் நல்ல கனத்தில், ஒரே வெள்ளையில். அச்சு நம் கூட்டுச் சொத்து. பட்டறைக்கு ஆயிரக்கணக்கில் ஆர்டர் போகும்போது விலையும் நம் பக்கம் பேசும். வெறும் வெள்ளைத் தட்டு எல்லா ஓட்டலுக்கும் பொது என்பதால் இருப்பு முடங்காது. ஓட்டலின் பெயரும் படமும் டீக்கால் என்கிற ஒட்டுப்படமாக வரும். அதைத் தட்டில் ஒட்டி 800 டிகிரி சுமாருக்குச் சுட்டால் பிடித்துக் கொள்ளும். அதற்கு மண் சூளை வேண்டாம், ஒரு நடுத்தர மின்சூளை போதும். அதைக் கம்பத்திலோ காமயகவுண்டன்பட்டியிலோ ஓர் இடத்தில் பொதுவாக வைக்கலாம். எவர்சில்வருக்குப் பெயர் வெட்டும் மெஷின் செய்யும் வேலையைப் பீங்கானுக்கு அந்தச் சூளை செய்யும். முந்தா நாள் பன்னிரண்டு தட்டு உடைந்தது என்று போன் வந்தால் இந்த வாரமே பன்னிரண்டு தட்டு மலையேறும்.

குறை இல்லாமல் இல்லை. இந்தச் சூட்டில் சுடும் ஒட்டுப்படம் கண்ணாடிப் பூச்சுக்கு மேலேதான் உட்காரும். கம்பி நார் போட்டுத் தேய்த்தால் நாளடைவில் அழியும். ஆகையால் படத்தைச் சோறு படாத, தேய்ப்பு குறைந்த வெளி விளிம்பிலோ, கோப்பையின் வெளிப்புறத்திலோ, தட்டின் அடியிலோதான் போட வேண்டும். ஈயம் சேராத ஒட்டுப்படம்தான் வாங்க வேண்டும். மழுங்கிய கரும்பச்சைத் தட்டுதான் வேண்டும், கைவேலைதான் வேண்டும் என்கிற பெரிய ரிசார்ட்டுகளுக்கு இது சரிப்படாது. அவர்களைப் பாண்டிச்சேரிக்கு அனுப்பிவிட்டு நாம் கமிஷனோடு நிற்கலாம். நமக்கு நடுத்தர ஓட்டல்களே போதும், எண்ணிக்கையில் அவைதான் அதிகம்.

வாழை இலை இருக்கும் ஊரில் பீங்கான் எதற்கு என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்து, தட்டில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் அதில் சேர்ந்தபோது, இலை வியாபாரத்துக்கு நல்ல காலம் வந்தது. அந்த இலைக்கு அடியில் ஏதோ ஒரு தட்டு இருக்கத்தானே வேண்டும்? அது தேய்ந்துபோன மெலமைனாக இருப்பதற்கு நம் தட்டாக இருக்கட்டும். 2023ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நம் ஊர்த் தோட்டத்துக் கொடியை விளிம்பில் போட்ட தட்டில் சாப்பிட உல்லாசப் பயணிகள் கசப்படைய மாட்டார்கள் என்றே நினைக்கிறோம்.

மலைக்கு மேலே விற்க நினைக்கும் சிறு கடைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஜி.எஸ்.டி.யில் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் வெளி மாநிலத்துக்குச் சரக்கு விற்க முடியாது. குமுளி நமக்கு அடுத்த ஊராக இருந்தாலும் சட்டப்படி அது கேரளா. ஆகவே குமுளிப் பில் போடும் பொறுப்பை வழக்கமான பதிவில் உள்ள உறுப்பினர் ஒருவர் ஏற்க வேண்டும். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு ஏறினால் இ-வே பில்லும் மறக்கக் கூடாது.

மூன்று பட்டறைகளிலிருந்து வரவழைத்த வெள்ளைத் தட்டுகள் இப்போது நம் கடையில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு டஜன், எலுமிச்சைச் சோதனை முடிந்தவை. ஒரு தட்டைக் கையிலிருந்து சிமெண்டுத் தரையில் போட்டும் பார்த்தோம், உடைந்துதான் போயிற்று. மின்சூளை யோசனையில் விருப்பமுள்ள உறுப்பினர்கள் மாதக் கூட்டத்துக்குச் சற்று முன்னதாக வந்தால், தட்டைத் திருப்பிப் பார்த்து, தட்டிக் கேட்டு, விலையும் பேசலாம். வரும்போது அவரவர் ஊர் ஓட்டல் மேஜை ஒன்றின் நீள அகலத்தையும் அளந்து எழுதி வாருங்கள்.